முகூர்த்தப் பட்டு கொடுக்கும் கை

எங்கள் கடையில் கல்யாண வீட்டார் எத்தனை சேலை எடுத்தாலும், முகூர்த்தப் பட்டை மட்டும் எங்கள் குடும்பத்து மூத்தவர்தான் கிழக்கே பார்த்து நின்று இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். தாத்தா நெல்லைப் பக்கமிருந்து வந்து தி.நகரில் கடை போட்ட நாளிலிருந்து அப்படித்தான். அவருக்குப் பிறகு அப்பா. அப்பாவுக்குப் பிறகு சிதம்பரநாதனாகிய நான். கைராசிக்காரர் என்று பெயர். அந்தக் கைதான் சித்திரையிலிருந்து நடுங்குகிறது.

யாருக்கும் தெரியாது. வீட்டில் எல்லோரும் எழுந்து போன பிறகுதான் காபி டம்ளரைத் தொடுகிறேன். கடையில் கைகளைத் தொடைக்கடியில் கொடுத்து உட்கார்ந்துகொள்கிறேன். முகூர்த்தப் பட்டு கொடுக்கும்போது மட்டும் சேலையை மார்போடு அணைத்து இதுவரை எப்படியோ சமாளித்துவிட்டேன். மருமகள் ஷண்முகப்ரியா, "மாமா, குளிருதா? ஏசியைக் குறைக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அன்றைக்கெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

மகன் ஆனந்தகுமார் கண்ணில் பட்டால் கதை முடிந்தது. மேற்கு மாம்பலம் வீட்டில் டிவி முன்னால் உட்காரவைத்துவிடுவான். அப்பா இருந்தவரை நான் அவர் எதிரே உட்கார்ந்ததில்லை. அவர் தும்மினால் முடிகிற வியாபாரம்கூட ஒரு நிமிஷம் நிற்கும். மூத்தோர் சொல் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும் என்பார்கள். பின்னே இனிக்கும்வரை இப்போது எவன் காத்திருக்கிறான்? சின்ன வயதில் பெரியவர்களுக்குப் பயந்தேன். பெரியவனானதும் சின்னவர்களுக்குப் பயப்படுகிறேன். நடுவில் எனக்கென்று ஒரு காலம் வந்திருக்க வேண்டுமே, அது எந்த வழியாகப் போனது?

ஆவணிக் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க கோபாலபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மணப்பெண் நிஷா, அவள் அம்மா, கூட நாலைந்து அத்தை, சித்திகள். மத்தியானம்வரை கடையையே புரட்டிவிட்டுக் கடைசியில் மாம்பழ நிறப் பட்டு ஒன்றைப் பிடித்தார்கள்.

"அப்பா, வாங்க" என்று ஆனந்தகுமார் கூப்பிட்டான். கைகளைத் தொடைக்கடியிலிருந்து உருவிக்கொண்டு எழுந்தேன்.

சேலையை என் கைகளில் வைத்து, அதன்மேல் குங்குமச் சிமிழை வைத்தான். முகூர்த்தப் பட்டு தரையில் விழுந்தால் அபசகுனம். விழக்கூடாது, விழக்கூடாது என்று அந்த ஒரே நினைப்பில் சேலையை இறுக்கிப் பிடித்தேன். மேலே இருந்த சிமிழை மறந்துபோனேன். இறுக்கப் பிடிக்கப் பிடிக்கக் கை இன்னும் ஆடியது. சிமிழ் சரிந்து, மூடி கழன்று, குங்குமம் அத்தனையும் பட்டில் கொட்டியது.

பெண்ணின் அம்மா முகம் செத்துப்போயிற்று.

"நல்ல சகுனம்மா. குங்குமம் தானா வந்து பொண்ணு சேலையில விழுந்திருக்கு" என்றேன்.

இதையே என் அப்பா சொல்லியிருந்தால் அந்தக் குங்குமத்தை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து நெற்றியில் வைத்திருப்பார்கள். இவர்கள் என் வாயைப் பார்க்கவேயில்லை. நிஷா போனை எடுத்து ஏதோ தட்டினாள்.

"அம்மா, குங்குமம் கொட்டினா நல்லதுதானாம். போட்டிருக்கு பாரு."

"அப்படியா! முருகா!" என்று அம்மா மூச்சு விட்டாள். அத்தைமார்களுக்கும் உயிர் வந்தது. நானும் அதைத்தானே சொன்னேன் என்று தொண்டைவரை வந்ததை விழுங்கினேன்.

சகுனம் நல்லதானாலும் கறை கறைதானே? ஆனந்தகுமார் அதே மாதிரி இன்னொரு சேலையைக் கொண்டுவந்தான். அவன் நீட்டுவதற்குள் நானே எட்டி வாங்கிக்கொண்டேன். இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. இரண்டு கையும் எல்லோர் முன்னாலும் ஆடிக்கொண்டிருந்தன.

"தம்பி, பெரியவருக்கு எதுக்குச் சிரமம்? நீங்களே குடுத்துடுங்களேன்" என்றாள் அந்த அம்மாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஆனந்தகுமார் என் பக்கம் திரும்பினான். "குடுங்கப்பா."

அப்பா போன பிறகுதான் இந்த வேலை எனக்கு வந்தது. தாத்தா போன பிறகுதான் அப்பாவுக்கு. உயிரோடு இருக்கிறவர் கையிலிருந்து இதை வாங்குவது எப்படி என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. கொடுப்பது எப்படி என்று எனக்கும் தெரியவில்லை. அவன் ஒரு முனையைப் பிடித்திருந்தான், நான் மறுமுனையை.

"விடுங்கப்பா" என்றான் எனக்கு மட்டும் கேட்கும்படி. "சேலை கசங்குது."

விட்டேன்.

கிழக்கே பார்த்து நின்று கொடுத்தான். அவன் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.