ஓரச் சிப்பாய்

“சித்தப்பா, அந்த மேஜையைத் தொடாதீங்க!”

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வருகிறவர்கள் உட்கார இடமில்லை என்று சித்தப்பா சதுரங்கப் பலகையோடு மேஜையைத் தூக்கப் போனார். மகள் குறுக்கே வந்து நின்றாள்.

“காயெல்லாம் டப்பால போட்டுட்டாப் போச்சு. இப்பப் போய் இது முக்கியமா?”

“ஆட்டம் முடியலை சித்தப்பா.”

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் நாற்காலி கேட்கப் போனார்.

அப்பா பேருந்து ஓட்டியவர். எதிரே உட்கார்ந்து ஆடுகிறவர் அதே வண்டியின் கண்டக்டர். ஓய்வுபெற்ற பிறகு சாயங்காலமானால் இருவருக்கும் பலகைதான் வண்டி. அப்பா யோசித்துக்கொண்டே இருந்தால் கண்டக்டர் மாமா, “ரைட், ரைட்” என்று மேஜையைத் தட்டுவார். அப்பா முதலில் தள்ளுவது எப்போதும் ஓரச் சிப்பாயைத்தான். கல்லூரிப் போட்டிகளில் ஆடிய மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ராஜா முன்னால இருக்கிற சிப்பாயைத் தள்ளுங்கப்பா. நடுவைப் பிடிக்கணும்.”

“ஓரமாப் போறவனை எவனும் இடிக்க மாட்டான்டி.”

சொல்லிச் சொல்லி அவள் வாய் வலித்ததுதான் மிச்சம். கல்யாணமாகிப் போன பிறகு ஃபோனிலும் இதே சண்டை. தான் சொன்ன ஒன்றையாவது இந்த மனுஷன் காதில் வாங்கினாரா என்ற குறை அவளுக்கு ஆறவே இல்லை.

இப்போது பலகையைக் குனிந்து பார்த்தாள். அப்பாவின் வெள்ளைக் காய்களில் இரண்டு ஓரச் சிப்பாய்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. ராஜாவின் சிப்பாய் நடுவில் நின்றது, குதிரை அதற்குக் காவல். மனதுக்குள் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாள். அவள் சொல்லிக்கொடுத்த தொடக்கம்தான்.

“மாமா, இது...”

மூலையிலிருந்து கண்டக்டர் மாமா எழுந்து வந்தார்.

“ஒரு மாசமா இதேதான் பாப்பா. தினம் தோப்பான், மறுநாளும் அதையே வைப்பான். ‘பொண்ணு ஞாயித்துக்கிழமை வர்றா, அவ ஆட்டத்தையே ஆடி அவ வாயை அடைக்கணும்’னான். நேத்துதான் நல்லா ஆடினான். பாதியில நெஞ்சைப் பிடிச்சுட்டு...”

“ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா மாமா?” அவள் அடக்க மாட்டாமல் அழுதாள்.

வெகு நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “இப்ப யார் ஆடணும்?”

“உங்கப்பன்தான்.”

அவள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமா எதிரே உட்கார்ந்தார். குதிரையை நகர்த்தினால் மாமாவின் ராணி வெட்டுப்படும். பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மாமாவின் விரல்கள் பழக்கத்தில் மேஜையைத் தட்டின. “ரைட்...” என்றார். இரண்டாவது ‘ரைட்’ வரவில்லை.

அவள் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள்.