ஏழாவது அறை

"அந்தப் பிளக்கப் பிடுங்குன, அம்புட்டுத்தான், சொல்லிட்டேன்" என்றாள் அம்மா அன்னக்கொடி.

சுவரோரம் குனிந்த உக்கிரபாண்டி அப்படியே நின்றான். வாசலில் குளிர்பெட்டியை இறக்கிவிட்டு இரண்டு பேர் வேர்த்துப்போய் நின்றார்கள். கட்டிலில் அப்பா சோணைமுத்துவின் உடல். விடியக்காலம் காப்பி கொண்டுபோன அம்மா எழுப்பி எழுப்பிப் பார்த்து ஓய்ந்திருந்தாள். பங்குனி வெயிலில் வண்டியூர் வீடு அதற்குள் கொதித்தது. பெட்டிக்குத் தோதான பெரிய பிளக் பாயிண்ட் வீட்டில் ஒன்றே ஒன்று. அதில் அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

எண்பதுகளில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தபோது வாங்கியது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. எடைக்குப் போட்டாலும் எவனும் எடுக்க மாட்டான் என்று உக்கிரபாண்டி எத்தனை தடவை திட்டியிருப்பான்!

"நேத்து சாப்பிடக் கூப்பிட்டப்ப, 'இன்னும் சேவ் பண்ணல, யாரும் தொட்றாதீங்க'ன்னாரு. எங்கிட்ட பேசுன கடைசிப் பேச்சுடா அது. சரண்யாவக் கேளு. அவளுக்குத்தான் தெரியும்" என்றாள் அம்மா.

சிக்கந்தரைக் கட்டிக்கொண்டு போன அன்று, "இனி இந்தப் படி ஏறாதே" என்று அப்பா சொல்லிவிட்ட அக்கா அவள். காலையில் "மொகத்த மட்டும் பாத்துட்டுப் போயிர்றேன்டா" என்று போனில் அழுதவளிடம், "அப்பா போயிட்டா அவரு சொன்ன சொல்லும் போயிருமா?" என்று கேட்டு வைத்தவன் அவன்தான்.

"அண்ணே, இன்னும் எம்புட்டு நேரம்?" என்றார் பெட்டிக்காரர்.

வேறு வழியில்லை. போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா மிஷின சேவ் பண்ணணுமாம். என்ன அமுக்கணும்?" அக்கா என்று கூப்பிடவில்லை.

"திரையில என்ன இருக்கு?"

"என்னமோ சி புரோகிராம். கடைசி வரியில ஏழு, ஒரு சாஞ்ச கோடு, பெறகு உன் பேரு."

போனில் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"என்னன்னு சொல்லு. பெட்டி நிக்கிது."

"அந்த மிஷின்ல டிஸ்க்க அறை அறையா பிரிச்சிருக்கும்டா. ஒரு அறையில நின்னு கூப்பிட்டா அடுத்த அறையில உள்ள ஃபைல இல்லவே இல்லைன்னு சொல்லும். ஆனா உள்ளதான் இருக்கும். சின்னப்பிள்ளையில என் கணக்கு, படம் எல்லாத்தையும் அப்பா ஏழாவது அறையில போட்டு வச்சிருந்தாரு." மூக்கை உறிஞ்சினாள். "பேருக்கு முன்னாடி அறை நம்பரச் சேத்து எழுதுனா, நின்ன எடத்துல இருந்தே எடுத்துரலாம். சி புரோகிராமுக்குள்ள இருந்தும் அப்படி எடுக்க ஒரு வழி எழுதணும்னு அப்பவே சொல்லுவாரு. எழுதிட்டாராடா?"

உக்கிரபாண்டி திரையைப் பார்த்தான். அப்பாவையும் பார்த்தான். பாவி மனுசன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

"எங்கருக்க?"

"தெப்பக்குளத்துப் படியில. காலையிலருந்து."

"வாக்கா."

சித்தப்பா பேயாண்டி விருட்டென்று எழுந்தார். "உங்கப்பன் சொன்னது மறந்துபோச்சாடா?"

"அது அன்னிக்குச் சொன்னது சித்தப்பா. இது நேத்து எழுதுனது."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்னக்கொடி வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

சரண்யாதேவி வந்தாள். படியேறும்போது கால் தயங்கியது. அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். அப்பாவின் முகத்தை ரெண்டு கையாலும் தடவி, கத்தி அழுது, பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள். விரல்களுக்கு எதுவும் மறக்கவில்லை.

"எந்த அறையிலடா வைக்க?"

"ஏழுலயே வையிக்கா."

டிஸ்க் கரகரவென்று சுற்றியது. சின்ன சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. அப்புறம் அவளே குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை எழுத்து புள்ளியாகச் சுருங்கி மறைந்தது.

"இதுல போடுங்கண்ணே" என்று பெட்டிக்காரருக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.