ஒற்றை ஆள் மடிப்பு

மடிப்பு மேஜைகள் சும்மா கிடந்தன. ஆஸ்பத்திரியின் தரைக்கடியில் இருக்கும் சலவைக்கூடத்தில் அப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்ததில்லை. முப்பது பெண்களும் எட்டு ஆண்களும் கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கப்போடு கழிப்பறை வாசலில் வரிசையாக நின்றார்கள். போன மாசம், விரிப்புகளைச் சூட்டில் தேய்க்கும் உருளை இயந்திரம் ஒருத்தியின் விரல்களை இழுத்துவிட்டது. இயந்திரத்துக்குத் தடுப்புக் கம்பி போடுங்கள் என்று கேட்டார்கள். கான்ட்ராக்ட் கம்பெனி கப் கொடுத்தது. சிறுநீரைச் சோதித்து, போதையில் வேலை செய்கிறவர்களைக் கண்டுபிடிக்கப் போகிறார்களாம்.

வரிசையில் எல்லாருக்கும் மேலே தெரிந்த தலை நெட்டக்காவுடையது. தலையில் முடி இல்லை, துண்டு கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால், அவள் தோளுக்கும் எட்டாத உயரத்தில், வாயாடி நின்றாள்.

"பயப்படாதக்கா. பதினாலு நாளு வேர்த்திருக்கே. உள்ளே இருந்ததெல்லாம் ஓடிப்போயிருக்கும்."

"ஓடாம இருந்தா?"

"ஓடாம எங்கே போகும்? நம்ம கிட்ட வந்து ஓடாத கறை இருக்கா?"

இருவரும் பதினோரு வருஷ ஜோடி. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி ஒரு ஓரத்தைப் பிடிப்பாள், எதிரே நிற்பவள் மறு ஓரத்தை. ஒரு உதறல், நாலு எட்டு நடை, நடுவில் கை மாற்றல், மறுபடி உதறல். இத்தனை உயர வித்தியாசத்தோடு இவர்கள் மடித்தாலும் மூலையோடு மூலை நூல் பிடித்த மாதிரி சேரும்.

நெட்டக்காவுக்கு மார்பில் கட்டி. அதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் ஆறு கீமோ ஊசி போடச் சொன்னார்கள். நாலு முடிந்துவிட்டது. வேலை அட்டை இருப்பதால் வைத்தியத்துக்குக் காசு கேட்கவில்லை. அட்டை போனால் மீதி இரண்டு ஊசியும் போச்சு.

முதல் ஊசிக்கே குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி. வெளுப்புத் தூள் வாசனை பட்டால் போதும், விரிப்பைப் போட்டுவிட்டு ஓடுவாள். பத்து நாளில் எட்டுக் கிலோ இறங்கினாள். மற்ற மாத்திரைகள் எதுவும் கேட்காமல் போகவே, மூன்றாவது மாடி டாக்டரம்மா ஒரு சின்னக் குப்பியில் உருண்டை மாத்திரைகள் எழுதிக் கொடுத்தாள்.

"இது டி.எச்.சி. கஞ்சாவுல இருக்கிற சரக்குதான், ஆனா அளந்து மருந்தா பண்ணினது. மூளையில வாந்தியைக் கிளப்புற இடத்தை அமத்தும், பசியை எழுப்பும். வாய் காயும், நெஞ்சு படபடக்கும், தலை கொஞ்சம் மிதக்கும். அதனால மெஷினுக்குப் போறதுக்கு முன்னாடி போடவே கூடாது. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய்ப் போடுங்க."

முதல் மாத்திரை போட்ட அன்று சாயங்காலம் அவள் மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தாள். பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்த புருஷன், எண்ணெய்க் கையைக்கூடக் கழுவாமல் பதறிப்போய் நின்றான்.

"ஏன்டி சிரிக்கிறே?"

"அது எனக்குத் தலையாட்டுதுங்க."

பிறகு தட்டு நிறையச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் போடுங்க என்று கேட்டாள். அவன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். கண்ணெல்லாம் எண்ணெய்க் கறை.

சோதனை வரப்போகிறது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். சூடும் தண்ணீரும் காட்டினால் எதுவும் வெளியேறிவிடும் என்று சலவைக்கூடத்தில் நம்பாதவர்கள் கிடையாது. ரத்தம், மருந்து, வாந்தி என்று எத்தனையைப் பார்த்த கைகள் அவை! வாயாடிதான் யோசனை சொன்னாள். நெட்டக்கா பதினாலு நாளும் உருளை இயந்திரத்தின் வாயில் நின்று நீராவியில் வெந்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஒரு வேளைதான் சாப்பிட்டாள், அதுவும் பாதி நாள் வெளியே வந்துவிட்டது. கன்னம் ஒட்டிப்போனது.

முடிவு வியாழக்கிழமை வந்தது. முப்பத்தெட்டுப் பேரில் ஒரே ஒரு பெயர்.

சூப்பர்வைசரை எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் குடித்து மட்டையாகி, திங்கட்கிழமை செக்கச் செவேலென்ற கண்ணோடு வந்து, கை நடுங்க இயந்திரத்தின் பொத்தானை அமுக்குகிற மனிதன். அவனும் கப்பை நிரப்பிக் கொடுத்தான். சுத்தம் என்று வந்தது. மாட்டிய பெயர் இருந்த காகிதத்தை நெட்டக்காவின் கையில் கொடுத்தவனும் அவனேதான்.

நெட்டக்கா நேராக மூன்றாவது மாடிக்குப் போனாள். டாக்டரம்மா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"யாரும்மா உங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னது? அது தண்ணியில கரையாது, கொழுப்புல போய் ஒட்டிக்கும். அங்கேருந்து வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கசியும். நீங்க உடம்பை உருக்கினா, கொழுப்பு கரையும்போது அதுவும் கூடவே வெளியே வரலாம்."

"அப்போ நாங்களே அதைத் தட்டி எழுப்பி விட்டிருக்கோமா?"

"இருக்கலாம். ஆனா சோதனையில தெரியறது போதை இல்லம்மா. போதை சில மணி நேரத்துல இறங்கிடும். இது அதோட மிச்சம்."

"சாராயம்?"

"அது ஒரு நாள், ரெண்டு நாள்ல போயிடும்."

நெட்டக்காவுக்கு விசிலின் திங்கட்கிழமைக் கண் நினைவுக்கு வந்தது. "நல்லா இருக்கு நியாயம்!" என்றாள். டாக்டரம்மா முத்திரை குத்திய கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தாள்.

மேனேஜர் அந்தக் கடிதத்தைப் படித்தான், மடித்தான், திருப்பி நீட்டினான்.

"இது ஆஸ்பத்திரி குடுத்த லெட்டர். நாங்க கான்ட்ராக்ட் கம்பெனி. எங்க ரூல்ல மருந்து, போதைன்னு பிரிச்சுப் பார்க்கிறது கிடையாது."

"ஆஸ்பத்திரி எங்கேயோ இருக்கிற மாதிரி பேசறீங்களே சார். லிஃப்ட்ல ஏறினா மூணு மாடி."

விசில் மூலையில் நின்று இருமினான். மேனேஜர் ஒரு தட்டச்சுக் காகிதத்தை முன்னால் தள்ளினான். சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று இருந்தது.

"கையெழுத்துப் போட்டுடும்மா. கஞ்சா கேஸ்னு ரெக்கார்டுல ஏறாது. நல்ல பேரோட போகலாம்."

"நல்ல பேரை வெச்சு எனக்கு ஊசி போடுவாங்களா?"

"எனக்கு நேரமில்ல. போடறியா, மாட்டியா?"

"பேனா குடுங்க."

அவள் நின்றபடியே எழுதினாள். ரொம்ப நேரம் எழுதினாள். மேனேஜரின் முகம் முதலில் மலர்ந்து, பிறகு சுருங்கியது. தட்டச்சு வரிகளின் மேல் குறுக்குக் கோடு போட்டு, கீழே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: நான் விலகவில்லை. என்னை விலக்குகிறார்கள். இதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கொடுத்த மருந்தைச் சாப்பிட்டேன். வேலை நேரத்தில் சாப்பிடவில்லை. அதற்கும் கீழே தேதியும் முழுக் கையெழுத்தும்.

"திமிரா?" என்றான் மேனேஜர்.

"ஆமா சார். அதையும் ரெக்கார்டுல ஏத்திக்கோங்க."

வேலை அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். வாசலில் வாயாடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் வாய்தான்க்கா உன்னைக் கெடுத்துச்சு. வேர்த்தா போயிடும்னு சொன்னேனே, பாவி."

"சீ, போடி. நிறுத்தாம இருந்தாலும் புடிச்சிருப்பாங்க. சாப்பிட்டுட்டாவது மாட்டியிருக்கலாம், அதான் வருத்தம்."

"உன் இடத்துல எவளையும் நிக்க விடமாட்டேன். பார்த்துக்கோ."

வெள்ளிக்கிழமை ஐந்தாவது ஊசி. நெட்டக்கா எப்போதும் போலக் குளித்து, துண்டு கட்டி, சரியான நேரத்துக்கு மூன்றாவது மாடியில் போய் நின்றாள். கவுன்டரில் இருந்தவன் கணினியைத் தட்டிவிட்டுத் தலையை ஆட்டினான்.

"அட்டை நேத்தே ரத்தாயிடுச்சும்மா. பணம் கட்டினா போடலாம்."

"ஆறு ஊசின்னு இங்கேதான் எழுதினாங்க. நாலோட என் கட்டி நின்னுடுமா?"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். ஆறாம் எண் படுக்கை காலியாக இருந்தது. அப்போதுதான் விரித்த விரிப்பு. உட்காரப் போனவள் அப்படியே நின்றாள். மடிப்புத் தடம் கோணலாக ஓடியது. ஒரு மூலை ஒரு சாண் நீளமாகத் தொங்கியது. பக்கத்துப் படுக்கையைப் பார்த்தாள். அதற்கடுத்ததைப் பார்த்தாள். ஓரத்தை மோவாயில் இடுக்கிக்கொண்டு, குட்டைக் கையை எட்டும் மட்டும் நீட்டி, தன்னந்தனியாக மடித்த மடிப்பு. வார்டு முழுக்க அதே கோணல்.

"அடிப் பாவி," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கவுன்டர்காரன் பின்னாலேயே வந்தான். "வெளியே வாங்கம்மா. செக்யூரிட்டியைக் கூப்பிடும்படி வெச்சுக்காதீங்க."

"கூப்பிடுப்பா."

தொங்கிய மூலையை இழுத்து மெத்தைக்கடியில் செருகினாள். படுத்தாள். கால் இரண்டும் கட்டிலைத் தாண்டி நீண்டன. நர்ஸ் மருந்துப் பையோடு வந்து, கவுன்டர்காரனைப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டாள். நெட்டக்கா ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, முழங்கையைத் திருப்பி, நரம்பு தெரிகிற பக்கம் மேலே இருக்கும்படி கையை நீட்டி வைத்தாள். இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை.