செவலையின் காவல்

பாண்டிச்செல்விக்கு நாய் என்றாலே ஈரக்குலை நடுங்கும். சின்ன வயதில் கெண்டைக்காலில் கடிபட்டவள். வீடற்றவர்களுக்கான காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பயம் விடவில்லை. கோரிப்பாளையம் பக்கம், வைகைப் பாலத்துக்கு அடியில் தனியாகக் கிடந்த தவசியிடம் மட்டும் பத்தடி தள்ளி நின்றே பேசுவாள். காரணம், அவருடைய நாய் செவலை.

"காப்பகத்துக்கு வாங்கண்ணே" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

"செவலையையும் சேத்துக்கிருவீகளா?" என்பார் அவர். நாய்க்கு அங்கே அனுமதி இல்லை. "அப்ப நான் வரலத்தா."

அன்று காலை பதினோரு மணிக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போனவள், தவசி சாக்கின்மேல் குப்புறக் கிடப்பதைக் கண்டாள். கூப்பிட்டும் அசைவில்லை. இரண்டடி எடுத்து வைத்ததும் செவலை பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்தது.

பின்வாங்கிப் படியேறி அவள் போன் போட்டதும் ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரோடு இறங்கியவர்கள் ஆற்றுப் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"கிட்ட விடாதுக்கா, இது. நாய் பிடிக்கிற வண்டிய வரச் சொல்லுங்க" என்றார் ஆம்புலன்ஸ் ஊழியர் சூரியபிரகாஷ்.

விசாரித்தால், வண்டி அவனியாபுரத்தில் நிற்கிறதாம். வர ஒரு மணி நேரமாகுமாம். தவசியின் முதுகு ஏறி இறங்குவது தெரிந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே வெகுநேரம் ஆனது.

பாண்டிச்செல்வி கீழே இறங்கினாள். நாலடி தூரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"செவலை... நான்தான்டி. தினமும் வாரேன்ல?"

நாய் உறுமிக்கொண்டே நெருங்கியது. அதன் மூச்சுக்காற்று அவள் மணிக்கட்டில் சுட்டது, பிறகு கழுத்தில். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, திறந்து பார்த்தபோது செவலை தவசியின் தலைமாட்டுக்குப் போய் முனகிக்கொண்டிருந்தது. அதன் கழுத்துக் கயிற்றில் துப்பட்டாவைக் கோத்துப் பிடித்தாள்.

"தூக்குங்க, சீக்கிரம்!"

அவர்கள் தூக்கியதும் நாய் பாய்ந்தது. மணலில் இழுபட்டு முழங்கால் தேய்ந்தும் அவள் பிடியை விடவில்லை.

ஆம்புலன்ஸ் போய்விட்டது. இனி அவளும் நாயும் மட்டும். காப்பகப் பொறுப்பாளர் சோலையம்மாளை அழைத்தாள்.

"மேடம், நாயக் கூட்டிக்கிட்டு வாரேன்."

"ரூல்ஸ் தெரியும்ல?"

"தெரியும் மேடம். இத இங்க விட்டுட்டா, கண்ணு முழிச்சதும் அந்த மனுசன் டிரிப்ஸப் பிடுங்கிப் போட்டு ஓடியாந்துருவாரு. பின்னாடி கட்டிப்போட்டு நானே பாத்துக்கிறேன்."

"ஊசி போட்ருக்கா அதுக்கு?"

"இன்னிக்கே போட்டுர்றேன்."

தவசிக்கு நிமோனியா. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் கண் விழித்தவர், அவள் சொன்னபடியே கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தார். பாண்டிச்செல்வி செல்போனை நீட்டினாள். காப்பகத்தின் பின்புறம், வேப்ப நிழலில், செவலை சோறு தின்றுகொண்டிருந்தது.

வீடியோவை இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தார்.

"அங்கன எனக்கும் ஒரு பாய் கிடைக்குமாத்தா?"