துமிராவின் பறவையில் ஒரு சொட்டு

ஜாவாவின் பெக்கலோங்கானில் ஒரே மெழுகுச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, உருக்கிய மெழுகால் துணியில் பாத்திக் சித்திரம் எழுதுகிறவர்களுக்கு, அடுத்தவள் வீட்டுக் குழம்பில் எத்தனை மிளகாய் என்பதுவரை தெரியும். அப்படியும் வார்சித்தி ஒன்றை மறைத்துவிட்டாள்.

துமிரா செத்த பிறகு, அவள் பாதியில் விட்ட துணியை எழுதி முடித்து, நூறாம் நாள் ஓதலில் அவள் மகள் தோளில் போடுவதென்று சிநேகிதிகள் மூவரும் தீர்மானித்தார்கள். யோசனை காஸ்மினாவுடையது. ருக்காயா உடனே சரி என்றாள். வேண்டாமென்று சொல்ல வார்சித்திக்கு வாய் வரவில்லை.

போன வருஷம் பட்டறை முதலாளியம்மா, பெரிய இடத்துத் துணியில் மெழுகு சொட்டியிருப்பதைக் கண்டு யார் கை என்று கேட்டாள். வார்சித்தியின் கைதான். நடுக்கம் அப்போதே வந்துவிட்டது. தன் மீன் நாறினால் பக்கத்துக் கூடையை எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ளும் சாமர்த்தியத்தை, மீன்சந்தைக்காரி மகளான அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துமிரா அக்காவுக்கு வயசாகிறது, பாவம், என்று முதலாளியம்மாவிடம் தனியாகப் போய்ச் சொன்னாள். அந்தப் 'பாவம்' நன்றாக வேலை செய்தது. துமிராவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே உட்கார்ந்து அவள் தொடங்கியதுதான் இந்தத் துணி.

மூங்கில் சட்டத்தில் அது தொங்கியது. துமிரா இழுத்த கோடுகள் தலைமயிர் போல மெலிந்து, ஓரிடத்திலும் பிசகாமல் ஓடின. வார்சித்தி ஓர் இறகுக்குப் புள்ளி வைக்கப் போனாள். எழுதுகுழலின் செம்புமூக்கிலிருந்து மெழுகு நழுவி, துமிராவின் பறவைக் கழுத்தில் விழுந்தது. மற்ற இருவரும் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்த காஸ்மினா கண்ணில் அது பட்டது. "ருக்காயா, இங்க பாருடி. முதலாளியம்மா சொன்னது நெசந்தான் போல. அக்கா கை நடுங்கித்தான் இருக்கு."

எல்லாரும் செய்கிறபடி சொட்டைச் சுற்றி ஓர் இதழ் வரைந்து மறைத்துவிடலாம் என்றாள் ருக்காயா.

வார்சித்தி குழலைக் கீழே வைத்தாள். துமிரா இருந்தபோது அவள் பிழைப்பைப் பிடுங்கியாயிற்று. இப்போது பேரும் போகிறது.

"அது நான் சொட்டினது," என்றாள்.

காஸ்மினா அவள் முதுகைத் தடவினாள். "செத்தவ பழியையும் நீயே சுமக்கணுமா?"

"இவளுக்குச் சொர்க்கத்துல மூலை வீடே ஒதுக்கியாச்சு," என்றாள் ருக்காயா.

பொய்க்கு இதைவிட நல்ல விலை கிடைக்காது. வாயை மூடிக்கொண்டு வாங்கிப்போயிருக்கலாம். வார்சித்தி குழலில் மெழுகை மொண்டு, தன் மடிக்கு நேரே கையை நீட்டினாள். இடுப்பில் கட்டியிருந்த சாரோங்கில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

காஸ்மினா அந்தக் கையைப் பார்த்தாள். "எப்பலேர்ந்து?"

"அந்தப் பெரிய துணிக்கு முன்னாலேர்ந்தே."

முதுகிலிருந்த கை விலகியது. "அப்ப முதலாளியம்மாகிட்ட அக்கா பேரச் சொன்னது?"

"நாந்தான்."

சட்டியில் மெழுகு புகையத் தொடங்கியும் யாரும் இறக்கவில்லை. இதழ் வரையக் குழலை எடுத்த ருக்காயாவைக் காஸ்மினா தடுத்தாள்.

"மறைக்க வேணாம். கம்பியக் காய்ச்சி ஒத்தி எடு. அக்கா பறவையில இவ சொட்டு இருக்கக் கூடாது."

வார்சித்தி எழுந்துபோய், கம்பியை அடுப்பில் வைத்தாள்.