தூக்குவாளிப் பாட்டு

பீரோவின் அடித்தட்டில் கையை விட்டு அம்மாவின் அரக்குப் பட்டைத் துழாவிக்கொண்டிருந்த வானதியின் விரலில், துணியில் சுற்றிய கட்டி ஒன்று தட்டுப்பட்டது. குளிப்பாட்டி முடித்ததும் கட்டிவிட அந்தச் சேலைதான் வேண்டுமென்று வெளியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற சித்தி எட்டிப் பார்த்தாள். சாவு வீட்டில் பீரோ திறந்தால் சிலருக்கு அழுகை தானாக நின்றுவிடும்.

பிரித்தால் பழைய பட்டன் போன். அதனுடைய சார்ஜர். சிம்மைப் பிய்த்தெடுத்த பிறகு மிச்சமிருந்த பிளாஸ்டிக் அட்டை. சித்திக்குச் சப்பென்று போய்விட்டது. மறுபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

போன ஆடிப் பெருக்குக்கு வந்தபோது வானதிதான் அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தாள். இதைத் தூக்கிப் போடும்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். தூக்கிப் போடவில்லை போலிருக்கிறது. சும்மா ஒரு பட்டனை அழுத்தினாள். திரையில் வெளிச்சம் வந்தது. பேட்டரி முழுசாக இருந்தது. சிம் இல்லாத போனுக்கு அம்மா எதற்காகச் சார்ஜ் ஏற்றிவைத்தாள் என்று வானதிக்குப் புரியவில்லை.

அம்மா பூவம்மாள் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். தம்பி தமிழரசன் சிங்கப்பூரிலிருந்து திருச்சி வழியாகப் பதினொரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தான். இப்போது மணி பன்னிரண்டரை. தாய்மாமன் துரைராசு வாட்ச் கட்டிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி பந்தலில் நடந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் எடுத்தாக வேண்டும் என்று காலையிலிருந்து இருபது தடவையாவது சொல்லிவிட்டார்.

வானதி போனை எடுத்துக்கொண்டு மங்களம் அத்தையிடம் போனாள். மங்களாம்பிகை எதிர்வீட்டுக்காரி, அம்மாவுக்கு நாற்பது வருஷச் சிநேகிதி. விடிந்ததிலிருந்து பெட்டியின் தலைமாட்டை விட்டு நகரவில்லை.

"இது அம்மா பீரோவுல இருந்துச்சு அத்த. சார்ஜ் போட்டு வச்சிருக்கு."

மங்களம் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுலதான் எங்க பாட்டெல்லாம் இருக்கு," என்றாள். "சாயந்தரமானா போட்டுக் கேக்கும். ஒங்கிட்ட சொல்ல வேணாம்னு சொல்லிடுச்சு."

"ஏன்?"

"பொண்ணு ஆசையா புதுசு வாங்கிக் குடுத்திருக்கு, பழசத்தான் கட்டிக்கிட்டு அழுவுறான்னு நெனைக்கும்னு."

அந்தப் பாட்டுகள் வானதிக்கும் தெரிந்தவைதான். பூவம்மாள், மங்களம், அனீஸா மூன்று பேரும் நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர் வாரப் போவார்கள். சோறு தின்றுவிட்டுப் பூவரச மரத்தடியில் சாயும்போது, காலித் தூக்குவாளிக்குள் இந்தப் போனைப் போட்டுப் பாட்டு வைப்பார்கள். வாளிக்குள் போட்டால் சத்தம் கணீரென்று வரும். ஆளுக்கொரு பாட்டு. அம்மாவுடையது ஒரு சிரிப்புப் பாட்டு. டூரிங் கொட்டகையில் அந்தப் பாட்டுக்குத்தான் காலமான அப்பா வாய்விட்டுச் சிரித்தாராம். கல்யாணம் ஆகி ஏழு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. மங்களத்துடையது மாரியம்மன் பாட்டு, மகனுக்கு அம்மை இறங்கிய அன்று கோயிலில் ஒலித்தது. அனீஸாவுடையது படகுப் பாட்டு. புருஷன் மூஸா பதினோரு வருஷம் சவூதியில் இருந்தபோது அதைப் போட்டுவிட்டுக் கடைசி அடி வருவதற்குள் நிறுத்திவிடுவாளாம். கடைசி அடியில் படகு கரைக்கு வந்துவிடும். ஆள் வராமல் படகு மட்டும் வருவானேன் என்பாள்.

"வேல நேரத்துல பாட்டுக் கேக்குறது மட்டுமில்ல வானதி," என்றாள் மங்களம். "அனீஸா கூப்புட்டா படகுப் பாட்டு அடிக்கும். நீ கூப்புட்டா வேற. தம்பி கூப்புட்டா வேற. பாவநாசத்துல செல்போன் கடக்காரன்கிட்ட சொல்லி அப்புடி வச்சிருந்துச்சு. ஒங்கம்மா பேரைப் பாத்து எடுக்காது. பாட்ட வச்சுத்தான் எடுக்கும்."



பூவம்மாளுக்குக் கையெழுத்துப் போட வரும். அதுவும் வானதி எட்டாவது படிக்கும்போது சொல்லிக் கொடுத்தது. மற்றபடி எழுத்து தெரியாது. இது வானதிக்குத் தெரியாத விஷயமா? அவள் தஞ்சாவூரில் பள்ளிக்கூட டீச்சர். அதனால்தான் புதுப் போனில் தன் படம், தம்பி படம், மாமா படம், டாக்டர் படம் என்று எல்லாம் பதிந்து கொடுத்தாள். மற்ற நம்பர்களுக்கு வெறும் பேர். எல்லோருக்கும் ஒரே மணி. ஏமாற்றுக்காரர்கள் கூப்பிடுகிற காலம் என்பதால், படம் வந்தா எடு, படம் வரலன்னா எடுக்காதே என்று விரலை ஆட்டி ஆட்டிப் பாடமும் நடத்தினாள். அம்மா நல்ல மாணவி. அப்படியே செய்தாள்.

"அனீஸாம்மா அதுக்கப்புறம் பேசவே இல்லையா?"

"மவ வீட்டோட நாகப்பட்டினம் போனதும் நம்மள மறந்துடுச்சுன்னு ஒங்கம்மா சொல்லும். நீயே கூப்புடேன்னு சொன்னேன். அது கூப்புடட்டும்னு ரோஷம். எங்கிட்டத்தான் போனு கெடையாதே."

வானதி புதுப் போனை எடுத்து, வந்த அழைப்புகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஆகஸ்டில் அனீஸா, அனீஸா, அனீஸா. எல்லாம் சிவப்பு. செப்டம்பரில் கொஞ்சம். அக்டோபர் பதினாலாம் தேதி, ஒரே நாளில், விடியற்காலை நாலு மணி தொடங்கி ஒன்பது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அவள் கொல்லைப் பக்கம் போய், அந்தப் போனிலிருந்தே கூப்பிட்டாள். நாலு தடவை மணி அடித்தபின் எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா பூவு?"

கோபமான குரல்தான். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் சந்தோஷம் இருந்தது.

"ஒன் பாட்டு அடிச்சா எடுக்கவே கூடாதுன்னுதான் இருந்தேன். கை கேக்கல. என்ன, பேச மாட்டியா?"

"அனீஸாம்மா, நான் வானதி." அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அம்மா நேத்து சாயந்தரம் தவறிடுச்சு," என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு குழந்தை ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. அது மட்டும் கேட்டது.

"மூஸாவ எடுத்த அன்னிக்கி ஒம்போது தடவ போட்டேன்," என்றாள் அனீஸா. "அவ வந்து பக்கத்துல உக்காந்தா போதும்னு போட்டேன். ஊர்பட்ட சனம் வந்துச்சு. அவ வரல."

மூஸா இறந்ததே வானதிக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊரில் இருந்த வீட்டையும் விற்றுவிட்டுப் போனவர்களின் சேதியை யார் கொண்டுவந்து சொல்வார்கள்.

"அம்மாவுக்கு அது நீங்கதான்னே தெரியாது. புதுப் போன வாங்கிக் குடுத்தது நான். ஒங்க பாட்ட எடுத்தது நான். படம் வரலன்னா எடுக்காதேன்னு சொன்னதும் நான். நீங்கதான் மறந்துட்டீங்கன்னு அது நெனச்சுக்கிட்டே போயிடுச்சு."

"நான் மறந்துட்டேன்னா?"

"ஆமா."

மறுபடி குழந்தையின் ஓதல். பிறகு, "நான் இத்தாவுல இருக்கேன் புள்ள. புருசன் போன பொம்பள நாலு மாசம் பத்து நாளு வாசப்படி தாண்டக் கூடாது. இன்னம் நாளு கெடக்கு."

வர முடியாது. கார் அனுப்பலாம், தம்பியை அனுப்பலாம் என்று மனசுக்குள் போட்டுவைத்த கணக்கெல்லாம் கலைந்தது.

"வர வேணாம். ஒரே ஒரு தடவ கூப்புடுங்க. சிம்ம பழைய போனுக்கு மாத்தி அம்மா பக்கத்துல வைக்கிறேன். ஒங்க பாட்டு அடிக்கட்டும். நாலரைக்குள்ள எடுத்துடுவாங்க."

"செத்தவளுக்கு என்னடி கேக்கப் போவுது," என்றாள் அனீஸா. அதோடு போன் அறுந்தது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை.

சிம்மைக் கழற்றியபோதுதான் இன்னொரு சங்கடம். புதுப் போனுக்காக நகக்கணு அளவுக்குச் சிறுத்துப்போன சிம், பழைய போனின் பள்ளத்தில் நிற்காமல் ஆடியது. அம்மா எறியாமல் வைத்திருந்த பிளாஸ்டிக் அட்டையில் அதைப் பொருத்தி, விளிம்பைக் கத்தரித்து, மேலே காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை ஒட்டினாள். இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை நின்றது. மங்களம் தன் வீட்டுக்குப் போய்த் தூக்குவாளியைக் கழுவிக் கொண்டுவந்தாள். எதற்கென்று வானதி கேட்கவில்லை.

மூன்று மணிக்குக் குளிப்பாட்டினார்கள். அரக்குப் பட்டைக் கட்டினார்கள். மாமா பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தினார். வாய்க்கரிசி போட வரிசை நின்றது. தலைமாட்டில் தூக்குவாளி, அதற்குள் போன். வந்தவர்கள் அதை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சில்லறை போடும் வாளி என்று நினைத்து ஒருவர் ஐந்து ரூபாய் போட்டுவிட்டுப் போனார். மங்களம் அதை எடுத்து அவர் பின்னாலேயே ஓடிக் கொடுத்தாள்.

மூன்றே முக்காலுக்கு வாளிக்குள் மணி அடித்தது. வானதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பாட்டு இல்லை, வெறும் டிரிங் டிரிங். எடுத்தால் ஏதோ கம்பெனிப் பெண், குளிர்ந்த குரலில் வணக்கம் சொன்னாள். வானதி அணைத்தாள்.

நாலு மணிக்கு வாசலில் தப்பு முழங்க ஆரம்பித்தது. வீடே அதிர்ந்தது. இந்தச் சத்தத்தில் போன் அடித்தால் யாருக்குக் கேட்கும்? வானதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பந்தலுக்குப் போனாள்.

"மாமா, தப்ப கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

"என்ன பேசுற? தப்பு இல்லாம எடுத்தா ஊரு என்ன சொல்லும்?"

"அம்மாவுக்கு ஒரு போன் வரணும்."

துரைராசு அவளை ஏற இறங்கப் பார்த்தார். துக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பக்கத்திலிருந்தவர்கள் பார்த்தார்கள். வானதி சொன்னாள். எல்லோரும் கேட்கத்தான் சொன்னாள். தன் தப்பை ஒன்று விடாமல், வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னாள். அவமானமாக இருந்தது. அவமானப்பட்டால் தேவலை போலவும் இருந்தது.

மாமா தொண்டையைச் செருமினார். "நாலு இருவது. அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது," என்றார். தப்புக்காரர்களைப் பார்த்துக் கையை அமர்த்தினார்.

அழுதுகொண்டிருந்தவர்களும் அடங்கிவிட்டார்கள். ஈ பறப்பது கேட்டது. நாலு பத்து. நாலு பதினைந்து. வானதி வாளியைப் பார்த்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. பிளாஸ்திரி நழுவியிருக்குமோ, டவர் இல்லையோ என்று எடுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"போதும் வானதி," என்றார் மாமா. அதட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

தமிழரசன் தீச்சட்டியை எடுத்தான். தப்பு மறுபடி முழங்க, பாடை எழும்பியது. வானதி தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். அறுத்து முடிந்த வயல்களிலிருந்து வைக்கோல் வாசனை வந்தது. வாய்க்கால் பாலம் வரைதான் பெண்கள் போகலாம். அங்கே பாடையை இறக்கி, தலைமாட்டைச் சுடுகாட்டுப் பக்கம் திருப்பி, மறுபடி தூக்குவார்கள். பாலம் வந்தது. தப்பு ஓய்ந்தது, பாடையை இறக்கினார்கள். மாமா வாட்சைப் பார்த்து, "திருப்புங்கப்பா, அஞ்சு நிமிசம்தான் இருக்கு," என்றார்.

வாளிக்குள் துடுப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் படகுப் பாட்டு, பெண் குரலில், கணீரென்று.

பாடையைத் திருப்பக் குனிந்தவர்கள் அப்படியே நின்றார்கள். வானதி வாளியை அம்மாவின் காதோரம் கொண்டுபோய் வைத்தாள். பச்சைப் பட்டனுக்குப் போன அவள் கையை மங்களம் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காத. எடுத்தா பாட்டு நின்னுடும்."

முதல் அடி முடிகிற இடத்தில் அது தானாக நின்றது. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடி துடுப்புச் சத்தம். மறுபடி அதே அடி. நின்றது. மறுபடி. மங்களம் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, உடம்பை மட்டும் பாட்டோடு லேசாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நாலாவது தடவை நின்றபோது மாமா கையைத் திருப்பி மணி பார்த்தார்.

"இன்னும் அஞ்சு தடவ அடிக்கும் மாமா," என்றாள் வானதி.

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. வாட்சைக் கழற்றி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார்.