புஷ்பவல்லி டீச்சரின் நடை

கிரிஷ் தோள்பையைக் கழற்றாமலேயே வந்து, கூடத்தில் கிடத்தியிருந்த அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். பெங்களூரிலிருந்து காலை ரயிலில் வந்தவன். இரண்டு பாதங்களையும் கைகளால் பொத்திக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தான். பிறகு எழுந்து, சுவரோரம் நின்ற அப்பா ராஜப்பாவிடம் வந்தான்.

"ஏம்ப்பா அவங்கள ஸ்கூலுக்கு அனுப்பினீங்க? ஊட்டுல படுக்கவெச்சிப் பாத்துனு இருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்க இல்ல?"

நேற்றிலிருந்து அதே கேள்விதான் ராஜப்பாவையும் அரித்துக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன், தொண்ணூற்றேழு மழைக்காலத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர் குவார்ட்டர்ஸ் முழுக்க வைரஸ் காய்ச்சல். நடக்கவே சலித்துக்கொள்ளும் ராஜப்பா நாலே நாளில் எழுந்து ஷிப்டுக்குப் போய்விட்டார். படுத்தது அவர் மனைவி புஷ்பவல்லிதான். ஆண்டர்சன்பேட்டைப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர், நாற்பத்தாறு வயதிலும் மைதானத்தை எட்டுச் சுற்று ஓடுகிறவள். இவ்வளவு ஓடி என்ன பிரயோஜனம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கோலார் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். காய்ச்சல் இதயத்தைத் தாக்கிவிட்டது, உடம்பு இவ்வளவு உறுதியாக இல்லாவிட்டால் முதல் வாரத்தையே தாண்டியிருக்கமாட்டார் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. தலை வாரினாலே களைப்பு. ஒரு நாள் பிடிவாதமாகத் தெருமுனை வரை போய்வந்து, மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அதன்பிறகுதான் தன் உடம்பைப் புதிதாகப் படிக்க ஆரம்பித்தாள். வாசல் வரை ஒரு வாரம். குழாய் வரை இரண்டு வாரம். இன்னும் போகலாம் என்று தோன்றும்போதே திரும்பிவிடுவாள். ஓடிப் பழகியவளுக்கு அப்படித் திரும்புவது எத்தனை கஷ்டம் என்பது ராஜப்பாவுக்கு மட்டும் தெரியும்.

அந்தக் காய்ச்சலில் மூட்டு பிடித்துப்போய்க் கிடந்த பக்கத்து வீட்டுக் கங்கம்மாவையும் கூட்டிக்கொண்டாள். அப்புறம் வெங்கடம்மா. பிறகு இன்னும் ஏழெட்டுப் பெண்கள். சாயங்காலம் அவர்கள் ஊர்ந்துபோவதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு.

ஒருமுறை ராஜப்பா, போதும், வீட்டோடு இரு என்று கெஞ்சினார். அவள் சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கும் பயமாத்தாங்க கீது. கட்டில்ல படுத்தா பயம் மட்டுந்தான் கீது. வெளிய போனா கூட நாலு பேரு கீறாங்க."

ஒரு வருஷத்தில் பள்ளிக்குத் திரும்பினாள். அரை நாள் வேலை. மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே கோகோ சொல்லிக்கொடுத்தாள். நேற்றுக் காலை ஆட்டம் முடிந்து பிள்ளைகள் திரும்பிப் பார்த்தபோது, நாற்காலியிலேயே சாய்ந்திருந்தாள்.

இதையெல்லாம் மகனிடம் எப்படிச் சொல்வது என்று ராஜப்பாவுக்குத் தெரியவில்லை. மாலையோடு வந்த கங்கம்மாதான் அவனருகே நின்று சொன்னாள்.

"ஊட்டுல வெச்சிருக்கலாம் தம்பி. அப்போ எங்கள யாரு எழுப்பி உட்டிருப்பாங்க?"

கிரிஷ் அவளையே பார்த்தான்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். முன்னால் மேளம், அடுத்து தீச்சட்டியோடு கிரிஷ். ராஜப்பா பாடையின் பக்கத்தில் நடந்தார். தெருமுனையோடு பெண்கள் நின்றுவிடுவது வழக்கம். யாரோ ஒரு பெரியவர், போதும், திரும்புங்கள் என்று கைகாட்டினார். கங்கம்மா அவரைத் தாண்டி நடந்தாள். வெங்கடம்மா அவள் பின்னால். பள்ளிச் சீருடையோடு நின்ற பெண்பிள்ளைகளும் நடந்தார்கள்.

சுடுகாட்டுப் பாதை மேடேறத் தொடங்கியது. மேளக்காரர்கள் வழக்கமான வேகத்தில் போனார்கள். கங்கம்மா முழங்காலில் கையை ஊன்றி நின்றாள். மற்றவர்களும் அவளோடு நின்றார்கள்.

கிரிஷ் திரும்பிப் பார்த்தான். மேளக்காரரிடம் ஏதோ சொன்னான். மேளம் நின்றது. பாடை தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். காற்று முகத்துக்கு நேராக வீசி, சட்டியின் புகை அவன் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் வந்து சேரும்வரை அவன் அங்கேயே நின்றான்.